உப்புக்குப் பூட்டு, கடிகாரத்துக்குத் திறந்த கதவு: காரைக்கால் கதை தெரியுமா?

நாகூரிலிருந்து வடக்கே வண்டியை விடுங்கள். ஊர் முடிந்ததா, ஆரம்பித்ததா என்று புரிவதற்குள் வாஞ்சூர் வந்துவிடும். ஒரு சோதனைச் சாவடி, அதைத் தாண்டியதும் வரிசையாக மதுக்கடைகள், பெட்ரோல் பங்குகள். அதே உப்புக்காற்று, அதே கருவாட்டு வாடை, அதே தஞ்சாவூர்த் தமிழ். ஆனால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு! டிஎன் 51 வண்டிகள் பிஒய் 02 வண்டிகளுக்கு நடுவே டேங்கைத் திறந்துகொண்டு நிற்கும். கேட்டால் "பாண்டி ரேட்டுங்க" என்பார்கள்.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் லண்டன் இருக்கிறது, பாரிஸ் இருக்கிறது, ஜெனீவா இருக்கிறது என்பது தெரியுமா?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். கிழக்கே வங்கக்கடல், மற்ற மூன்று திசையும் தமிழ்நாடு. தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் இன்னொரு மாநிலத்துக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். இந்தக் கையளவு மண்ணில் எதைச் செய்யலாம், எதை விற்கலாம், எந்த விலைக்கு விற்கலாம் என்பதை இருநூறு ஆண்டுகளாக எங்கெங்கோ உட்கார்ந்தவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கடற்கரையைப் பாருங்கள். வடக்கே தரங்கம்பாடி, 1620 முதல் டேனிஷ்காரர்களுடையது. தெற்கே நாகப்பட்டினம், 1658 முதல் டச்சுக்காரர்களுடையது. நடுவில் காரைக்கால், 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்கு. ஆக, 1739-க்கும் பிரிட்டிஷார் நாகப்பட்டினத்தைப் பிடித்த 1781-க்கும் இடையில், அரைநாளில் மாட்டுவண்டி கடந்துவிடும் கடலோரத்தில் மூன்று ஐரோப்பியக் கொடிகள், மூன்று சுங்கம்! ஒரே நெசவாளியின் துணி எந்தக் கிட்டங்கிக்குப் போகிறது என்பதை வைத்து எந்த நாட்டு ஏற்றுமதி என்று கணக்கு எழுதினார்கள்.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி.

காரைக்காலில் உப்பு விளைவிப்பதை ஒரு சர்வதேச ஒப்பந்தம் நிறுத்தியது தெரியுமா? கடல் பக்கத்தில், வெயில் தலைமேல், உப்பளம் காலடியில். ஆனாலும் உப்பு கூடாது!

நடந்தது இது. நெப்போலியன் தோற்றபின் 1814-இல் பாரிஸில் சமாதானம் பேசி, பிரான்சுக்கு அதன் இந்திய ஊர்களைத் திருப்பித்தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கவலை. சென்னை மாகாணத்தில் உப்பு அதன் தனியுரிமை, கொழுத்த வருமானம். பிரெஞ்சு ஊர்களில் உப்பு மலிவாகக் கிடைத்தால் வாய்க்கால் வரப்பெல்லாம் கடத்தல்தானே! அதனால் 1815 மார்ச் 7-ஆம் தேதி லண்டனில் இன்னொரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை, ஊரார் தேவைக்குப் போக, மொத்தமாக வாங்கும் உரிமை பிரிட்டிஷாருக்கு மட்டும். பதிலுக்கு பிரான்சுக்கு ஆண்டுதோறும் நான்கு லட்சம் சிக்கா ரூபாய். அதோடு கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் ஆண்டுக்கு 300 பெட்டி அபின் வரை வாங்கிக்கொள்ளலாம். உப்பும் அபினும் ஒரே தாளில்!

அதுவும் போதவில்லை. 1817 ஜனவரியில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு மறுபடி வந்தது. அடுத்த ஆண்டே, 1818 மே மாதத்தில், புதிய உடன்படிக்கை. உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிடுங்கள். உப்பளக்காரர்களுக்கு நட்டஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் தருகிறோம் என்றது கம்பெனி. அன்றைய மாற்றுவிலைக்கு 14,000 ரூபாய். பிரெஞ்சு நிர்வாகத்துக்கு உப்பை அடக்கவிலைக்குக் கம்பெனியே கொடுக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரர் அதைத் தம் மக்களுக்கு மலிவாக விற்கக்கூடாது. பக்கத்துப் பிரிட்டிஷ் ஊர்களில் என்ன விலையோ ஏறக்குறைய அதே விலைக்கு விற்கவேண்டும்.

அதாவது பிரெஞ்சுக் கொடியின் கீழ் வாழ்ந்த திருமலைராயன்பட்டினத்துப் பெண், ரசத்தில் போட்ட உப்புக்கு, பிரிட்டிஷ் உப்பு வரியை விலையோடு விலையாகக் கட்டினாள். இருநாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி உள்ளூர் விலையைக் கட்டுவது ஏதோ நம் காலத்துப் பொருளாதார நிபுணர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். 1818-லேயே முடித்துவைத்திருக்கிறார்கள்! பிறகு 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளினாரே வேதாரண்யம், அது இதே கடற்கரையில் தெற்கே இருக்கிறது. காரைக்கால் உப்பளங்கள் ஒப்பந்தத்தால் மூடப்பட்டு அப்போது 112 வருஷம் ஆகியிருந்தது.

சரக்குக்கு மட்டுமா ஒப்பந்தம்? ஆளுக்கும்தான். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரிட்டிஷ் இந்தியக் கூலிகளைச் சேர்க்கலாம். ஆனால் கப்பல் ஏறும் துறையில் பிரிட்டிஷ் ஏஜென்டு ஒருவர் இருந்து மேற்பார்க்கவேண்டும். அப்படி ஆள் ஏற்றிய துறைகளில் ஒன்று காரைக்கால். தோட்டங்களில் படுத்திய பாட்டைக் கேட்டு 1882-இல் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டன் நிறுத்தியது. ஒரு தீவின் கரும்பு விளைச்சல் சென்னை, லண்டன் கோப்புகளைச் சார்ந்திருந்தது!

காரைக்கால் நெல் இலங்கைக்குப் போனது, அவுரி நீலம் தோய்த்த துணி புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அந்த நீலத்துணியைக் கொடுத்து வேலம்பிசின் வாங்குவார்களாம், துணிதான் நாணயம்! இதைத் தனிக் கட்டுரையாக எழுதவேண்டும். இப்போது 1949-க்கு ஓடுவோம், ஏனென்றால் அங்கேதான் கூத்து.

இந்தியா விடுதலை பெற்றுவிட்டது, காரைக்கால் பெறவில்லை. 1941-இல் போர்க்கால ஏற்பாடாக பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்கத்தில் ஒன்றாகியிருந்தன. அந்த ஏற்பாடு முறிந்தது. 1949 ஏப்ரல் 1 முதல் பிரெஞ்சு ஊர்களைச் சுற்றி இந்தியா சுங்க வேலி போட்டது. முட்டாள்கள் தினம்தான், ஆனால் வேடிக்கை இல்லை. இப்பக்கம், டாலர் பஞ்சத்தில் இறக்குமதிக்கு லைசென்ஸ், கோட்டா, கெடுபிடி. அப்பக்கம், ஏறக்குறைய எதையும் வரவழைக்கலாம். நடுவில் என்ன? வயல்வரப்பு! ஒரு கால் பிரான்சில், ஒரு கால் இந்தியாவில் வைத்து நாற்று நடலாம். தங்கம், கைக்கடிகாரம், வைரம், மது என்று எல்லாம் அந்த வரப்பில் நடந்தன. சுங்க வேலியின் நோக்கம் வருமானம் மட்டும் அல்ல. பிரெஞ்சு ஊர்களின் மூச்சை இறுக்கி இணைப்பை நோக்கித் தள்ளுவதும்தான் என்பது என் கணிப்பு. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியாவை நம்பியிருந்த ஊர்களில் அந்த இறுக்கம் நன்றாகவே உறைத்தது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் பிரெஞ்சு ஊர்களின் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம். வேலி போயிற்று.

முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? இருங்கள்!

நவம்பர் 1-க்கு முன்னால் புதுச்சேரி வியாபாரிகள் வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள், பிரெஞ்சுச் சட்டப்படி எல்லாம் சரியாக. கப்பல் வந்து சேர்ந்தது இணைப்புக்கு அப்புறம். "இந்திய லைசென்ஸ் எங்கே?" என்று சரக்கைப் பறிமுதல் செய்தது சுங்கத்துறை. ஆர்டர் போட்டபோது பிரான்சு, சரக்கு இறங்கும்போது இந்தியா. நடுக்கடலில் இருந்த பெட்டி எந்த நாட்டுச் சட்டத்தில் மிதந்தது? யூனிவர்சல் இம்போர்ட்ஸ் ஏஜென்சி என்ற அந்த வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் வியாபாரிகள் பக்கம் நின்றது. ஒப்பந்தம் போட்டதும் சரக்கு வந்ததும் ஒரே காரியத்தின் தலையும் வாலும்தான், பழைய சட்டம் அதைக் காக்கும் என்றது.

அதைவிட அதிசயம்: 1954-க்குப் பிறகும் காரைக்கால் சட்டப்படி இந்தியாவில் இல்லை தெரியுமா? இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலும் முடிந்து நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட காலத்தில் ஒரு பஸ் பெர்மிட் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போக, புதுச்சேரி இந்திய ஆட்சிப் பரப்பா என்று நீதிபதிகள் மத்திய அரசையே கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது! இந்திய வருமான வரிச் சட்டமும் 1963 ஏப்ரல் 1 முதல்தான் இங்கே விரிவானது. நாகூர்க்காரர் வருமான வரிப் படிவம் நிரப்பிய காலத்தில் வாஞ்சூர்க்காரருக்கு அந்தப் படிவமே கிடையாது.

விற்பனை வரி இன்னும் தமாஷ். 1965-இல் புதுச்சேரி சட்டமன்றம் தனக்கென்று ஒரு விற்பனை வரிச் சட்டம் செய்தது. செய்தது என்றால், உட்கார்ந்து எழுதவில்லை. 'சென்னை மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே அமலுக்கு வரும் நாளுக்குச் சற்று முன் அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் செல்லும்' என்று எழுதிவிட்டார்கள். பக்கத்துப் பையன் விடைத்தாளைப் பார்த்து எழுதுவது சரி. அவன் இனிமேல் திருத்தப்போவதையும் சேர்த்து நான் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றால்? இடையில் சென்னையில் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியதே புதுச்சேரிச் சட்டம் ஆகிவிட்டது. ஷாமா ராவ் என்பவர் தொடுத்த வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. சட்டம் செய்யும் அதிகாரத்தை அண்டை வீட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நீங்கள் எதற்கு என்பதுதான் சாரம். அதே ஆண்டு அவசரமாகப் புதுச் சட்டம் செய்தார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பாடமாக வைக்கிறார்கள்.

சரி, 2017-இல் ஜிஎஸ்டி வந்து ஒரே நாடு ஒரே வரி ஆகிவிட்டதே? ஆகா! தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரியின் எண் 34-இல். காரைக்கால் மொத்தக்கடை சில கல் தள்ளி நாகூருக்கு ஒரு மூட்டை அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய வணிகம். அதே கடை கேரளக் கடற்கரையில் இருக்கும் மாஹேவுக்கு அனுப்பினால்? உள்ளூர் வணிகம், மாஹேயும் புதுச்சேரிதானே! ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கும் அப்படியே. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சின்ன வியாபாரி வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக்கூடாது என்பது விதி. ஆகவே அவர் பக்கத்துத் தெரு போன்ற நாகூருக்கு அனுப்ப முடியாது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி மாஹேவுக்குத் தாராளமாக அனுப்பலாம். இதைக் கணக்குப்பிள்ளை ஒருவர் எனக்கு விளக்கியபோது நான் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஐந்தும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன, மதுவும் அப்படியே. அவற்றுக்கு வரி மாநிலத்தின் இஷ்டம். புதுச்சேரி அரசு தன் நான்கு துண்டு நிலத்துக்கும் அந்தந்த அண்டை மாநிலத்தைப் பார்த்துத் தனித்தனி விகிதமே வைத்துக்கொள்ள முடிகிறது. வாஞ்சூர் பங்கின் கதை இதுதான். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் பகுதி அலுவலகம் இருக்கும் ஊர் காரைக்கால். மண்ணுக்கடியில் வரும் எரிவாயுவும் ஒரே நாடு ஒரே வரிக்குள் இன்னும் நுழையவில்லை.

இப்போது கடலுக்குள் போகலாம். பங்குனி ஆமை தெரியும்தானே? மாசி பங்குனியில் நம் மணலில் முட்டையிட வரும் அந்த ஆமை, நம் இறாலின் அமெரிக்கப் பயணத்தையே நிறுத்திவைத்திருக்கிறது தெரியுமா? 1989-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: ஆமை தப்பிக்கக் கதவு வைக்காத இழுவலையில் பிடித்த இறால் எங்களுக்கு வேண்டாம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுக் குழுவின் தீர்ப்பு வந்தது, படு சாமர்த்தியமாக. ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சமாக அமல்படுத்தியது தப்பு என்றார்கள். அமெரிக்கா நடைமுறையை மாற்றிக்கொண்டது, சட்டத்தை விடவில்லை. 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அங்கே கதவு சாத்தியே இருக்கிறது. குளத்தில் வளர்த்த இறாலுக்குத் தடையில்லை. ஜெயித்த மாதிரி இருந்து தோற்ற வழக்கு! அதனால்தான் வலைக்குள் பொருத்தும் கம்பிச் சட்டத்தைப் பற்றி நம் மீன்வளத்துறை துறைமுகம் துறைமுகமாகப் பாடம் நடத்துகிறது.

மீன்பிடித் தடைக்கால 61 நாள் நிவாரணம், டீசல் சலுகை என்று காரைக்கால் மேடு, கிளிஞ்சல்மேடு பஞ்சாயத்தார் பேசும் எதுவும் இனி உள்ளூர் விஷயம் மட்டும் இல்லை. 2022 ஜூன் 17-இல் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் நிறைவேறியது. 2025 செப்டம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. அன்று ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அடுத்த கட்டமாக அளவுமீறி மீன்பிடிக்கத் தூண்டும் மானியங்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் கொடுங்கள் என்கிறது இந்தியா. அப்படியே நெல்லையும் பாருங்கள்: திருநள்ளாறு வயலில் இந்த ஆண்டு விளைந்த சம்பாவுக்கு அரசு தரும் ஆதார விலை, உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் 1986-88 காலத்து விலையோடு ஒப்பிடப்படுகிறது! அந்த வித்தியாசம் விளைச்சல் மதிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2018-19 பருவ அரிசியில் இந்தியா தாண்டிவிட்டது. வரம்பு மீறினாலும் வழக்குப் போடக்கூடாது என்று 2013 பாலி மாநாட்டில் வாங்கிவைத்த சமாதானப் பிரிவை 2020-இல் எடுத்து நீட்டியது. உலகிலேயே அதை முதலில் நீட்டிய நாடு நாம்தான்.

ஊரில் 'சொல்தா' வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களும் அவர்கள் குடும்பங்களும். பாரிஸிலிருந்து பென்ஷன் வருகிறது. அதற்கு எந்த நாடு வரி போடலாம் என்பதை இந்திய–பிரெஞ்சு வரி ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. 1992-இல் கையெழுத்தான அதே ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம்: பிறகு வேறு பணக்கார நாட்டுக்குக் குறைந்த விகிதம் கொடுத்தால் எங்களுக்கும் கொடுக்கவேண்டும். ஸ்லோவேனியா, லிதுவேனியா, கொலம்பியாவோடு இந்தியா ஐந்து சதவீத ஈவுத்தொகை வரிக்கு ஒப்புக்கொண்டிருந்தது. பிற்பாடு அவை பணக்கார நாடுகளின் சங்கத்தில் சேர்ந்துகொண்டன. "எங்களுக்கும் ஐந்து" என்று பிரெஞ்சு, டச்சு, சுவிஸ் கம்பெனிகள் கிளம்பிவிட்டன. 2023 அக்டோபர் 19-இல் உச்ச நீதிமன்றம், அரசு தனியாக அறிவிக்கை வெளியிடாமல் அது தானாக வராது என்று முடித்தது. கோபித்துக்கொண்ட சுவிட்சர்லாந்து 2025 ஜனவரி முதல் அந்தச் சலுகையை நிறுத்திவைத்தது.

பாரதியார் வீதி ஜவுளிக்கடை கூகுளில் விளம்பரம் கொடுத்தால்கூட இந்தக் கயிறு வந்து இழுக்கும். வெளிநாட்டு விளம்பரக் கம்பெனிகளுக்கு 2016-இல் இந்தியா போட்ட ஆறு சதவீத 'கூகுள் வரி', அமெரிக்கா வர்த்தகத்தில் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் காணாமல் போனது. மறுபடியும் ஏப்ரல் 1!

ஆனி மாதப் பௌர்ணமிக்கு வாருங்கள், மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தர் கடல் வணிகர். அவர் கடைக்கு வந்த இரண்டு மாம்பழத்தில்தான் கதையே தொடங்குகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து கூடை கூடையாகப் பழத்தை வீசுவார்கள், கீழே முந்தானையிலும் துண்டிலும் பிடிப்பார்கள். அந்தப் பழம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்துதான் வருகிறது. கூழாக்கி டின்னில் அடைத்தால் வரி உண்டு. முழுப் பழத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, இ-வே பில்லும் வேண்டாம். லாரி நிறைய ஏற்றிக்கொண்டு வாஞ்சூர்ச் சாவடியைத் தாண்டி நேரே கோயில் தெருவுக்கு வந்துவிடலாம்.